கடலில் எண்ணெய் கொட்டினால் மீன் குஞ்சுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன். முகத்துவாரம், மட்டக்குளி, வத்தளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களின் அப்பாமாரும் மாமாமாரும் கடலுக்குப் போகிறவர்கள். 2021இல் கொழும்புக்கு அருகே கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சேர், எண்ணெய் தண்ணிக்கு மேலதானே மிதக்கும். கீழ இருக்கிற குஞ்சுக்கு அதால என்ன வரப்போகுது?

குஞ்சு கீழே இருக்கிறது என்று யார் சொன்னது? சூடை, நெத்தலி, பாரை, சூரை என்று நாம் சந்தையில் வாங்கும் மீன்களில் பல, முட்டையைக் கடலில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இருக்கும், நிறமே இருக்காது. பல இனங்களின் முட்டைக்குள் ஒரு துளி கொழுப்பும் இருக்கும், மிதப்பதற்கு வசதியாக. நம்முடைய சூடான கடலில் ஓரிரு நாளில் பொரித்துவிடும். வெளியே வரும் குடம்பிக்கு நீந்தத் தெரியாது, நீரோட்டம் கொண்டுபோகிற பக்கம் போகும். ஆக முட்டையும் குடம்பியும் இருப்பது பெரும்பாலும் மேல் நீரில்தான்.

இரண்டு நீரோட்டம் சந்திக்கிற இடத்தில் நுரையும் சருகும் குப்பையும் நீளக் கோடாகச் சேர்ந்து நிற்பதைக் கடலுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். குடம்பிகள் சேருவதும் அங்கேதான், எண்ணெய் சேருவதும் அங்கேதான். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் ஆமைக் குஞ்சுகள் பல எண்ணெயில் சிக்கியது இப்படிப்பட்ட கோடுகளில்.

அப்புறம், எண்ணெய் முழுவதும் மேலேயே நிற்பதும் இல்லை. அலை அடிக்க அடிக்க அது சிறு துளிகளாக உடைந்து கீழே கலக்கும். அதில் ஒரு பகுதி கரைந்தே போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரைந்த பகுதியைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப்போகிறேன்.

பெரிய மீன் தப்பிக்குது. குஞ்சு மட்டும் ஏன் மாட்டுப்படுது?

பெரிய மீனுக்கு மணம் பிடித்தால் விலகிப் போக முடியும். முட்டைக்கு அது முடியாது. பெரிய மீனின் ஈரல் எண்ணெய்ச் சேர்வைகளை உடைத்து, பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். முட்டைக்குள் வளரும் முளையத்துக்கு அந்த ஈரலே இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. செவுளும் வளராததால் அது தோலால்தான் மூச்சு விடுகிறது. உடல் சிறிதென்பதால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு மிக அதிகம். வயிற்றில் கட்டிக்கொண்டிருக்கும் மஞ்சட்கருவோ கொழுப்பு நிறைந்தது. எண்ணெய்ச் சேர்வைகள் தண்ணீரைவிடக் கொழுப்பில் இலகுவாகச் சேரும். எனவே குஞ்சு தின்ன வைத்திருக்கிற சாப்பாட்டிலேயே நஞ்சு போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்படிச் செத்தா கரை ஒதுங்க வேணுமே? நாங்க ஆமையும் டொல்பினும் ஒதுங்கினதைத்தான் பார்த்தோம். முட்டை ஒதுங்கினதை ஒருத்தரும் பார்க்கேல்லையே?

பார்க்கவும் முடியாது. ஒரு மில்லிமீற்றர் முட்டை செத்தால் சில மணி நேரத்தில் வெளுத்து, பக்டீரியா பிடித்து, கரைந்து, அல்லது வேறொன்றின் வாய்க்குள் போய் முடிந்துவிடும். கரையில் கிடக்கும் உடல்களை எண்ணி ஒரு கசிவின் அளவைச் சொல்வது இதனால்தான் எனக்குப் பிடிக்காது. ஆமையின் படம் பத்திரிகையில் வரும். நெத்தலி முட்டையின் படம் வராது. இழப்பின் பெரிய பங்கு படம் வராத பக்கத்தில் இருக்கலாம்.

எவ்வளவு எண்ணெய் இருந்தா ஆபத்து? சும்மா ஒரு மினுமினுப்பு இருந்தாலுமா?

எண்ணெய்க்குள் பல நூறு சேர்வைகள் இருக்கின்றன. முளையத்துக்கு மிக மோசமானவை பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள். பெயர் நீளம், இனி வளையச் சேர்வைகள் என்கிறேன். அதிலும் மூன்று வளையம் உள்ளவைதான் முதல் எதிரி. சில மீன் இனங்களில், ஒரு லீற்றர் நீரில் ஒருசில மைக்ரோகிராம் இருந்தாலே முளையத்தில் கோளாறு தெரியத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அந்த அளவு மனதில் பதிய ஒரு கணக்கு. ஒலிம்பிக் அளவு நீச்சல் தடாகத்தில் ஏறத்தாழ 25 இலட்சம் லீற்றர் தண்ணீர் பிடிக்கும். லீற்றருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் தடாகம் முழுவதற்கும் 12.5 கிராம் வளையச் சேர்வை போதும். மூன்று தேக்கரண்டிக்கு மேல் வராது. அந்தத் தண்ணீரில் மினுமினுப்பும் தெரியாது, மணமும் வராது.

சரி, உள்ள போய் அது என்னதான் செய்யுது?

இதயத்தைத் தாக்குகிறது. மீன் முட்டைக்குள் முதன்முதலில் வேலை தொடங்கும் உறுப்பு இதயம். மீன் முளையம் ஒன்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அது துடிப்பதும், இரத்தம் வால் வரை ஓடித் திரும்புவதும் உயிரோடு தெரியும். எண்ணெய் பட்ட முளையத்தில் துடிப்பு மெதுவாகும், சிலவேளை தாளம் தப்பும். இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, நெஞ்சுப் பக்கம் ஒரு பை போல வீங்கும். மோசமாகப் பட்டால் இரண்டு அறையாக மடிய வேண்டிய இதயம் மடியாமல் நூல் மாதிரி இழுபட்டு நிற்கும். தாடை வளராது, முதுகு வளையும். அப்படிப்பட்டது பொரித்தாலும் இரை பிடிக்காது.

இது முதலில் பெரிதாக வெளிவந்தது அலாஸ்காவில். 1989 மார்ச் 24ஆம் திகதி எக்ஸன் வால்டிஸ் கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 4 கோடி லீற்றர் மசகு எண்ணெய் கொட்டியது. ஹெரிங் முட்டைகளிலும் இளஞ்சிவப்புச் சால்மன் முட்டைகளிலும் இந்தக் கோளாறுகளைக் கண்டார்கள். காரணம் பின்னர்தான் தெளிவானது. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவின் டீப்வோட்டர் ஹொரைசன் கிணறு 87 நாள் கக்கியது. நீலத்துடுப்புச் சூரை முட்டையிடும் பருவமும் அதற்குள் வந்தது. அதன் பிறகு சூரையின் இதயக் கலங்களை ஆய்வுகூடத்தில் எடுத்துப் பார்த்தபோது, துடிப்பை நடத்தும் பொற்றாசியம், கல்சியம் அயன்களின் போக்குவரத்தை எண்ணெய் தடுப்பது தெரிந்தது. மனிதரின் இதயமும் இதே அயன்களால்தான் துடிக்கிறது என்பதை வகுப்பில் சொன்னால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சாகாத குஞ்சின் கதை. குறைந்த அளவு பட்ட முளையம் பொரிக்கும், வளரும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் இதயத்தின் வடிவம் சிறிது மாறியிருக்கும், வேகமாக நீந்த முடியாது. அலாஸ்காவில் ஒரு பரிசோதனையில், முட்டைப் பருவத்தில் கொஞ்சம் எண்ணெய் பட்ட சால்மன் குஞ்சுகளையும் படாதவற்றையும் அடையாளமிட்டுக் கடலுக்கு விட்டார்கள். வளர்ந்து திரும்பிவந்தவற்றில் எண்ணெய் பட்ட கூட்டம் குறைவாகவே இருந்தது. அவற்றைக் கொன்றது எண்ணெய் என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. ஏதோ பெரிய மீன் தின்றது என்றுதான் இருக்கும்.

கறுப்பு எண்ணெய்தானே மோசம்? டீசல் என்றா வெயிலுக்கு ஆவியாப் போயிடுமே?

டீசல் ஆவியாகும், உண்மை. ஆனால் போவதற்கு முன் அதன் இலேசான பகுதி நீரில் கரைந்து, கிட்ட இருப்பதைச் சட்டென்று கொல்லும். கப்பல் எரிக்கும் கறுப்பு எண்ணெய் மெதுவானது, நாட்பட்டது. இலேசான பகுதி ஆவியாகப் போனபின் மிஞ்சுவதில் வளையச் சேர்வைகளின் பங்கு கூடுகிறது. "பழைய எண்ணெய், இனிப் பயமில்லை" என்பதை முட்டை விஷயத்தில் நம்ப வேண்டாம்.

வெயில் இன்னொரு வேலையும் செய்யும். வளையச் சேர்வைகள் சில, சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் பல மடங்கு நஞ்சாகும். பெரிய மீனின் தடித்த தோலுக்குள் வெயில் நுழையாது. குடம்பியின் உடலோ ஒளி ஊடுருவுவது. 2007 நவம்பரில் கொஸ்கோ பூசான் என்ற கொள்கலன் கப்பல் சான் பிரான்சிஸ்கோ குடாவில் பாலமொன்றில் மோதி, ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர் கப்பல் எண்ணெய் கொட்டியது. அடுத்த ஹெரிங் பருவத்தில், வெயில் படும் ஆழமற்ற கரையோரத்தில் இடப்பட்ட முட்டைகள் பெருமளவில் செத்தன. ஆழத்தில் கூட்டில் வைத்திருந்தவை அப்படிச் சாகவில்லை, இதயக் கோளாறு மட்டும் காட்டின. அது குளிர்ந்த ஊர், பருவமும் குளிர்காலம். நம்முடைய வெயிலை நினைத்துப் பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் எண்ணெய்க் கசிவா, பிளாஸ்டிக்கா? ஆளுக்கு ஒண்டு சொல்றாங்க.

இரண்டும், அதற்கு மேலும். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வடமேற்கே நங்கூரமிட்டிருந்தபோது தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக்கமிலம், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். சொந்த எரிபொருளாக 300 தொன் அளவில் கப்பல் எண்ணெய். ஜூன் 2ஆம் திகதி ஆழத்துக்கு இழுத்துப்போகப் பார்த்தபோது பின்பக்கம் அடியில் தட்டியது. எல்லாரும் பயந்தது போல ஒரே தடவையில் பெரிய கறுப்புப் படலம் வந்து கரையை மூடவில்லை. ஆனால் அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நீண்டநாள் தெரிந்துகொண்டிருந்தது.

பிளாஸ்டிக்கும் எண்ணெயும் தனித்தனி விஷயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கே பெற்றோலியத்தில் இருந்து வருவது. எரியும்போது வளையச் சேர்வைகள் உண்டாகும். கரையில் வெள்ளை மணிகளோடு கிடந்த கருகிய கட்டிகளில் அவை இருந்தன. வெள்ளை மணி எல்லார் கண்ணிலும் பட்டது. கருகியது மணலோடு மணலாகக் கலந்துவிட்டது.

அந்த நேரம் நீர்கொழும்புக் களப்பைப் பற்றித்தான் எல்லாரும் பதறினாங்க. கடல் அவ்வளவு பெரிசா இருக்க, களப்புக்கு ஏன் அந்தப் பதற்றம்?

இறாலின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். தாய் இறால் கடலில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்து, குடம்பிப் பருவங்கள் பலவற்றைக் கடந்து, இரண்டு மூன்று கிழமையில் மயிர் போன்ற குஞ்சாகிக் களப்பு வாயால் உள்ளே வரும். கண்டல் வேர்களுக்குள் ஒளிந்து வளர்ந்து, பெரிதானதும் அதே வாயால் கடலுக்குத் திரும்பும். நீர்கொழும்பில் கம்பு நட்டு வலை கட்டிப் பிடிப்பது இப்படித் திரும்பும் இறாலைத்தான். போகவும் வரவும் ஒரே வழி என்பதால், அந்த வாயில் சரியான நேரத்தில் ஒரு சிறு கசிவு வந்தாலும் ஒரு தலைமுறை முழுவதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எத்தனை தொன் என்பதைவிட எங்கே, எப்போது என்பதுதான் முக்கியம் என்று நான் விடாமல் சொல்வது இதனால்.

உள்ளே போனால் வெளியே எடுப்பதும் கடினம். கண்டல் மரத்தின் மூச்சு வேரில் நுண்துளைகள் உண்டு. எண்ணெய் அவற்றை அடைத்தால் மரமே மூச்சுத் திணறிச் சாகும், குஞ்சுகளின் மறைவிடமும் போகும். சேற்றில் ஒட்சிசன் குறைவு, ஆகவே எண்ணெய் அழிய மாட்டேன் என்று கிடக்கும். 1986இல் பனாமாவின் கண்டல் காட்டுக்குள் புகுந்த எண்ணெய் பல ஆண்டுகள் சேற்றிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது. 1969இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையில் ஒரு தட்டைப் படகு உடைந்து டீசல் போன்ற எண்ணெய் சதுப்புக்குள் போனது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்தும் அங்கே நண்டுகள் ஆழமாக வளை தோண்டாமல், எண்ணெய் படிந்த அடுக்கு வந்ததும் திரும்பிவிடுவதைக் கண்டார்கள்.

2018 செப்டெம்பரில் உஸ்வெட்டகெய்யாவப் பக்கம் குழாயொன்று கசிந்து ஏறத்தாழ 25 தொன் கறுப்பு எண்ணெய் கரைக்கு வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். முத்துராஜவெல சதுப்பும் களப்பும் அங்கிருந்து எவ்வளவு கிட்ட என்று வரைபடத்தில் ஒருமுறை பாருங்கள்.

மருந்து தெளிச்சுக் கரைச்சுவிட்டா பிரச்சினை முடிஞ்சுதானே?

கரைப்பது என்றால் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் அனுப்புவது. மேலே மினுமினுப்பு மறையும், பறவைக்கும் கரைக்கும் நல்லது. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன மேல் நீர் குடம்பிகளுக்கு நஞ்சு இன்னும் இலகுவாகப் போய்ச் சேரும். பவளக் குடம்பிகள் எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்த நீரில் பாறையில் ஒட்டி வாழத் தொடங்குவது குறைகிறது என்றும் பரிசோதனைகள் காட்டுகின்றன.

1967இல் டொரி கன்யன் கப்பல் இங்கிலாந்தின் கோர்ண்வோல் கரைக்கு அப்பால் பாறையில் மோதியபோது அக்காலத்துச் சலவை மருந்துகளைப் பீப்பாய் பீப்பாயாக ஊற்றினார்கள். பாறையில் ஒட்டி வாழும் உயிர்களை எண்ணெயைவிட அந்த மருந்துதான் அதிகம் கொன்றது. இன்றைய மருந்துகள் அவ்வளவு நஞ்சில்லை. ஆழ்கடலில் தெளித்துக் கரையைக் காப்பாற்றுவது சிலவேளை சரியான முடிவாகவும் இருக்கும். களப்பு வாய், பவளப் பாறை, ஆழமற்ற கரை ஆகிய இடங்களில் தெளிப்பதை நான் ஏற்க மாட்டேன். அங்கே மிதவைத் தடுப்பும் உறிஞ்சும் பஞ்சும்தான் சரி. 2017 ஜனவரியில் சென்னைக்கு அருகே எண்ணூர்க் கரையில் எண்ணெயை வாளியால் அள்ளினார்கள் என்று பலர் சிரித்தார்கள். கருவி இல்லாமல் விட்டதைக் குறை சொல்லலாம், அள்ளி எடுத்ததைக் குறை சொல்ல முடியாது.

எண்ணெய் தின்னுற பக்டீரியா இருக்காமே?

இருக்கிறது, எல்லாக் கடலிலும். நேர்ச் சங்கிலிச் சேர்வைகளை முதலில் தின்னும், வளையச் சேர்வைகளைக் கடைசிக்கு விடும். முட்டைக்கு ஓரிரு நாள்தான் அவகாசம். அதற்குள் பக்டீரியா வேலையை முடிக்காது.

மீன் இலட்சக்கணக்கில முட்டை இடுது. எப்படியும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாகத்தானே போகுது? கொஞ்சம் எண்ணெயில செத்தா என்ன குறை?

நல்ல மாணவன் கேட்கிற கேள்வி. உண்மையில் 99 வீதத்துக்கும் மேலே சாகும். ஒரு பகுதி குடம்பி குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைத்து ஓரளவு சரிக்கட்டவும் கூடும். பல கசிவுகளுக்குப் பிறகு மீன்பிடி பெரிதாக விழாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். நூறில் ஒன்றுகூடத் தப்பாத இடத்தில், தப்ப வேண்டிய அந்த ஒன்றில் பாதி போனால் அடுத்த பருவத்துக்கு வரும் மீனும் பாதி. எண்ணெய் யாரைத் தெரிந்தெடுக்கிறது என்பதும் இருக்கிறது. வழமையான சாவில் பலவீனமானது முதலில் போகும். எண்ணெய் நல்ல முளையத்தையும் பலவீனமாக்கி அந்த வரிசையில் நிறுத்துகிறது. ஒரு பருவத்தில் ஒரே இடத்தில் கூடி முட்டையிடும் இனம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

2021க்குப் பிறகு எங்கட பக்கம் மீன் குறைஞ்சுபோச்சு. அது அந்தக் கப்பலாலதானே?

இதற்கு நேரே ஆம் என்று சொல்லச் சொல்லி என்னிடம் சண்டை பிடித்தவர்கள் உண்டு. அலாஸ்காவைப் பாருங்கள். கசிவு 1989இல். ஹெரிங் மீன் திடீரென விழுந்தது 1993இல். பணமும் ஆய்வாளர்களும் குவிந்த அந்த இடத்திலேயே, விழுந்ததற்கு எண்ணெய் எவ்வளவு, நோய் எவ்வளவு, இரைப் பற்றாக்குறை எவ்வளவு என்று இன்னும் வாதாடுகிறார்கள்.

நம்முடைய கரையில் கூடுதல் மீன்பிடி, வெப்பமாகும் கடல், களனி ஆறு கொண்டுவரும் கழிவு எல்லாம் ஒன்றாக நடக்கின்றன. கப்பலின் பங்கைப் பிரித்துக் காட்ட, கசிவுக்கு முன் அந்த நீரில் மாதாமாதம் எத்தனை முட்டை, எத்தனை குடம்பி இருந்தன என்ற கணக்கு வேண்டும். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, அடுத்த கப்பல் வருவதற்கு முன் நுண்வலை போட்டு இந்தக் கணக்கை எடுக்கப் போக வேண்டும் என்பது என் கட்சி. காக்கைத்தீவில் இருக்கிற நாரா என்ற நீரியல்வள ஆய்வு நிறுவனம் செய்யக்கூடிய வேலை அது.

எண்ணெய் கொட்டின நேரம் மீன் சாப்பிடலாமா?

இரண்டாம் கேள்வியில் சொன்ன ஈரல் விஷயத்தால் துடுப்பு மீனின் சதையில் எண்ணெய் அதிகம் தங்காது. மட்டி, சிப்பி அப்படியில்லை. நீரை வடித்துத் தின்னும், உடைக்கும் சக்தி குறைவு, சேர்த்தே வைத்திருக்கும். தடை போட்ட இடத்து மட்டியைத் தொடவே வேண்டாம். எந்த மீனிலும் எண்ணெய் மணம் வந்தால் எலுமிச்சம்புளி விட்டுச் சமாளிக்காமல் எறிந்துவிடுங்கள்.

கப்பல் வராட்டி எங்கட கடல் சுத்தம்தானே?

வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்துக்கு, மழை விட்ட கையோடு போய்ப் பாருங்கள். கராச்சில் மாற்றிய எஞ்சின் ஒயில், வீதியில் சிந்தியது எல்லாம் நிற நிறமாக வந்துகொண்டிருக்கும். பழைய எஞ்சின் ஒயிலில் வளையச் சேர்வைகள் புதியதைவிட அதிகம்.

படகுக்காரருக்கும் ஒன்று. பழைய இரண்டு வீச்சு வெளியிணைப்பு எஞ்சின்கள் ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீருக்குள் விடும். நான்கு வீச்சு எஞ்சின் விலை கூட என்பது எனக்கும் தெரியும். மானியம் கேட்கிற கூட்டத்தில் எரிபொருள் விலையோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

கரையில எண்ணெய் கண்டா முதல்ல என்ன செய்ய வேணும்?

வெறுங்கையால் தொடாதீர்கள். கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கோ கிட்ட இருக்கிற பொலிசுக்கோ உடனே சொல்லுங்கள். மணலோடு சேர்த்து இயந்திரத்தால் வாரவிடாதீர்கள். அந்த மணலுக்குள் ஆமை முட்டை இருக்கலாம்.

முடியுமானால் கையுறை போட்டுக்கொண்டு கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எண்ணெயை எடுங்கள். பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், அதன் சேர்வைகள் கலந்துவிடும். மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வைத்து மூடி, இடம், திகதி, நேரம் எழுதி ஒட்டி, வெயில் படாமல் குளிரில் வையுங்கள். ஒவ்வொரு கப்பலின் எண்ணெய்க்கும் அதற்கே உரிய சேர்வைக் கலவை உண்டு. கப்பலின் தாங்கியில் எடுத்த மாதிரியோடு இதை ஒப்பிட்டால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும். ஆனால் வெயிலும் அலையும் அந்த அடையாளத்தை நாளுக்கு நாள் தேய்க்கும், எனவே கண்ட அன்றே எடுங்கள்.